ஐஸ்லாந்தின் தெற்குக் கரை: வரும் வழியையும் சேர்த்துத் திட்டம் போடுங்கள்

பள்ளியில் கால அட்டவணை போடுவது என் பொறுப்பு. ஏழாம் வகுப்புக்கு மூன்றாவது பீரியட் யார், நான்காவது யார் என்று கட்டம் கட்டமாக எழுதியே பல வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பழக்கத்தில் ஐஸ்லாந்துப் பயணத்துக்கும் கட்டம்தான் போட்டேன். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து யோக்குல்சார்லோன் பனிக்கட்டி ஏரி வரை 370 கிலோமீட்டர் சொச்சம். மணிக்கு 90 கிலோமீட்டர் ஓட்டலாம். போக நாலேகால் மணி நேரம், வர நாலேகால், நடுவில் வரும் அருவிகளுக்கு அரை அரை மணி. ஒரே நாளில் முடிந்துவிடும் என்று கணக்கு சொன்னது.

அது பிப்ரவரி மாதம். நானும் இரண்டு தோழிகளும் போனோம். பாதித் தூரத்தில் இருக்கும் விக் என்ற சின்ன ஊரைத் தாண்டவே இல்லை. முன்னால் புயல் என்று சாலையை மூடினார்கள். சரி, திரும்பிவிடலாம் என்று பார்த்தால் பின்னாலும் மூடியாயிற்று. கிடைத்த அறையில் இரண்டு ராத்திரி ரொட்டியும் ஜாமும். ரெய்க்யவிக்கில் ஏற்கெனவே காசு கட்டிய அறை காலியாகக் கிடந்தது. போதாததற்குத் தோழி திறந்த கார்க் கதவைக் காற்று பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிட்டது. அந்தப் பில் மூன்று நாள் வாடகையைவிடப் பெரியது.

இரண்டாவது தடவை செப்டம்பர் கடைசியில் அப்பாவோடு போனேன். அவருக்கு 71 வயது, முழங்கால் தகராறு உண்டு. அந்தப் பயணம் ஒழுங்காக நடந்தது. அதை எப்படித் திட்டமிட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் முடிவு, நாட்டை முழுதாகச் சுற்ற வேண்டாம் என்பது. ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு வாரம்தான் லீவு என்றால், சுற்றி வருவதில் பாதி நேரம் காரின் கண்ணாடி வழியாகத்தான் நாட்டைப் பார்ப்பீர்கள். தெற்குக் கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அருவி, கறுப்பு மணல், பனியாறு, கடலில் மிதந்து போகும் பனிக்கட்டி எல்லாம் அந்த ஒரே கோட்டில் இருக்கின்றன. வந்த வழியே திரும்புவது வீண் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கே மழையும் வெயிலும் மணிக்கு மணி மாறும். ஒரே வழியில் போய் ஒரே வழியில் வந்தால் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வாய்ப்பு கிடைக்கிறது. போகும்போது மேகம் மூடியிருந்த பனிமலை, வரும்போது வெள்ளை வெளேரென்று நிற்கும்.

ஆகவே அட்டவணையை இரண்டு பத்தியாகப் போட்டேன். இடப்பக்கம் போகும்போது கட்டாயம் நிற்கும் இடங்கள், வலப்பக்கம் வரும்போது நிற்கும் இடங்கள். போகும்போது கெட்டுப்போனது எதுவோ அது வலப்பக்கத்துக்கு நகரும். கடைசியில் ஒரு நாளை எதுவும் எழுதாமல் வெறுமனே விட்டேன். பள்ளியில் இப்படி ஒரு காலி பீரியட் விட்டால் தலைமையாசிரியர் சண்டைக்கு வருவார். இங்கே அந்தக் காலி நாள்தான் மற்ற நாட்களைத் தாங்குகிறது.

எந்த மாதம் போவது என்பதை வெளிச்சத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஜூன் நடுவில் ரெய்க்யவிக்கில் சூரியன் 21 மணி நேரம் மேலே இருக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக்கூட அருவி பார்க்கலாம். டிசம்பரில் பகல் நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். சாலையில் பெரும்பாலும் பனி இருக்காது, கூட்டமும் குறைந்திருக்கும், வானம் திறந்தால் துருவ ஒளியும் தெரியும். கிளி போல வண்ண அலகோடு இருக்கும் பஃபின் பறவையைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் போங்கள். நாங்கள் போனபோது அவை எல்லாம் கடலுக்குப் போய்விட்டன. பனிக்குகைக்குள் போக ஆசையா? அது குளிர்கால வேலை, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில். அதற்குப் போகிறவர்கள் காலி நாளை இரண்டாக்கிக்கொள்ளுங்கள்.

விசா வேண்டியவர்களுக்கு ஒரு வரி: பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லும் ஷெங்கன் பகுதிக்குள் ஐஸ்லாந்தும் வரும்.

இனி கார். ஒன்றாம் எண் சாலைக்கு, கோடையிலும் செப்டம்பரிலும், சாதாரணக் காரே போதும். பெயர்ப்பலகையில் எஃப் என்று தொடங்கும் மலைச்சாலைகளுக்குத்தான் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி சட்டப்படி வேண்டும். அவை நம் வழியிலேயே வரவில்லை. இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் கியர் தானாக மாறும் வண்டியை எடுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். வலது கையில் கியரும் சேர்ந்தால் முதல் ரவுண்டானாவிலேயே வியர்த்துவிடும். காப்பீட்டில் ஜல்லி தெறிப்பதற்கும் மணற்காற்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு விற்பார்கள். தெற்குக் கரையில் பாதித் தூரம் மணல்வெளிதான், வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு மணலுக்கு எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள். காற்று மடக்கிய கதவை மட்டும் எந்தக் காப்பீடும் பெரும்பாலும் ஏற்காது.

கதவு விஷயத்தை விளக்கமாகவே சொல்கிறேன், பணம் கொடுத்துக் கற்றது. வண்டியை நிறுத்தும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அப்போது காற்று கதவை மூடத்தான் தள்ளும். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான். கைப்பிடியை ஒரு கையாலும் கதவின் மேல் விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சாண் திறந்து, ஒரு நொடி பொறுத்து, அப்புறம் இறங்குங்கள். டிர்ஹோலாஎய் முனையில் அப்பா இதை அப்படியே செய்தார். அப்படியும் கதவு அவரை வெளியே இழுத்தது. "ஏம்மா, இது கதவா காளையா?" என்றார், இரண்டு கையையும் விடாமல்.

காற்றை அங்கே விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்வார்கள். அதை 3.6 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர் வரும். 10 என்றால் தொப்பி பறக்கும். 15 என்றால் 54 கிலோமீட்டர், வண்டி ஆடும். 20-ஐத் தாண்டினால் நான் வண்டியை எடுக்க மாட்டேன், காத்திருப்பேன். சராசரியைவிட வீச்சு என்ன என்று பாருங்கள். மலை அடிவாரங்களில் திடீரென்று வரும் வீச்சுதான் வண்டியைத் தூக்கும். காலையில் காபி குடிக்கும் முன் மூன்று இடத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று: வானிலைத் துறையின் வெதூர், சாலைத் துறையின் உம்ஃபெர்தின், பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கு சேஃப்டிராவல். மூன்றும் ஆங்கிலத்திலும் கிடைக்கும். அவசரத்துக்கு 112.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவற்றில் பெரும்பாலானவை எங்கும் உள்ளவைதான். ஊருக்குள் 50, தார்ச்சாலையில் 90, ஜல்லிச்சாலையில் 80. பகலிலும் முகவிளக்கு எரிய வேண்டும். தானியங்கி நிலையில் விட்டால் பின்விளக்கு எரியாமல் போகலாம் என்பதால் கையாலேயே போட்டுவிடுங்கள். சாலையை விட்டு இறங்கி மண்ணில் ஓட்டுவது குற்றம். சாலையோரம் ஒதுங்கி நிற்க இடமே இல்லாத பகுதிகள் நிறைய, படம் எடுக்க நடுவில் நிறுத்தாதீர்கள். கோடையில் தாய் ஆடு ஒரு பக்கமும் குட்டி மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் ஓடி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே மட்டும் உள்ளது ஒருவழிப் பாலம். மஞ்சள் பலகையில் ஐன்பிரெய்த் ப்ரூ என்று எழுதியிருக்கும். இரண்டு பக்கமும் வண்டி வரும், பாலத்தில் ஒன்றுக்குத்தான் இடம். பாலத்துக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவர் முதலில் போகலாம் என்பது வழக்கம். ஆனால் எதிரே வருகிறவரும் உங்களைப் போலவே நேற்று வந்திறங்கிய ஆளாக இருக்கலாம். வேகத்தைக் குறைத்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுப் போங்கள். நின்று வழிவிட்டால் எதிரே வருகிறவர் ஒரு கையைத் தூக்குவார். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்து எல்லாருக்கும் பதிலுக்குக் கும்பிடு போட்டார். பாலங்களைச் சின்ன நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டும் வந்தார்.

பெயர்கள் பயமுறுத்தும். வாலைப் பிடித்தால் போதும். ஃபோஸ் என்று முடிந்தால் அருவி, யோக்குல் என்றால் பனியாறு, சாந்தூர் மணல்வெளி, லோன் கடலோர ஏரி, விக் சிறு விரிகுடா. இந்த ஐந்தும் தெரிந்தால் வரைபடமே என்ன வரப்போகிறது என்று சொல்லிவிடும்.

கெப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கிய அன்றே நீண்ட தூரம் ஓட்டாதீர்கள். இரவெல்லாம் விமானத்தில் இருந்தவர் கண் அயர்வதற்கு அந்த நேரான சாலை ரொம்ப வசதி. ரெய்க்யவிக்கில் தூங்கி எழுந்து, மறுநாள் காலை கிளம்புங்கள். செல்ஃபோஸ் ஊரில் மளிகை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டலில் மூன்று வேளையும் சாப்பிட்டால் பயணச் செலவில் பெரிய ஓட்டை விழும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம்.

முதலில் வருவது செல்யலான்ட்ஸ்ஃபோஸ். 60 மீட்டருக்கு மேல் உயரம், அருவிக்குப் பின்னாலேயே நடந்து போகலாம். இதைத்தான் நான் வலப்பக்கப் பத்தியில் எழுதியிருந்தேன், ஏனென்றால் அருவி மேற்கைப் பார்க்கிறது. மாலை வெயில் நேராக அதன் மேல் விழும். காலையில் நிழலில் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். போகும்போது அதைத் தாண்டி நேராக ஸ்கோகாஃபோஸ் போனோம். அதுவும் 60 மீட்டர், 25 மீட்டர் அகலம், கீழே அருவியின் காலடி வரை சமதளத்தில் நடக்கலாம். முழங்கால் தகராறு உள்ளவர்களுக்கு இதுதான் அருவி. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் சாரலில் வானவில் கட்டாயம். பக்கத்துப் படிக்கட்டு ஐந்நூறு படிக்கு மேல். நான் ஏறிவிட்டு வந்தபோது அப்பா கீழே நனைந்து நின்றுகொண்டிருந்தார், குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. குடை எடுத்துப் போகாதீர்கள் என்று நான் சொன்னதை அவர் கேட்கவில்லை. நீர் புகாத மேல்சட்டையும், அதைவிட முக்கியமாக நீர் புகாத கால்சட்டையும் வேண்டும்.

முதல் ராத்திரி விக்கில். மறுநாள் காலை ரேனிஸ்ஃப்யாரா கடற்கரை. கறுப்பு மணல், அடுக்கி வைத்தது போன்ற பாறைத் தூண்கள், கடலில் நிற்கும் கற்கோபுரங்கள். இங்கே தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை குறுக்கே நிலம் கிடையாது. அத்தனை தூரக் கடலின் வேகமும் இந்தக் கரையில் வந்து மோதுகிறது. நாலைந்து அலை சாதுவாக வந்து போகும், ஆறாவது முப்பது அடி தாண்டி ஏறி வரும். அது ஆளை இழுத்துப் போய்ப் பலர் இறந்திருக்கிறார்கள். 2022 முதல் எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் பலகை சொல்லும் இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது. பச்சை என்றாலும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். நாங்கள் போன அன்று சிவப்பு. மேலேயிருந்தே பார்த்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் விளக்கைப் பார்த்துவிட்டும் இறங்கிப் போனது. அப்பா அந்தப் பையனை "டேய் டேய்" என்று தமிழில் கூப்பிட்டார். அவன் திரும்பி வந்தான். மொழி எதற்கு.

விக்கிலிருந்து கிழக்கே கடைகளும் கழிவறைகளும் குறைவு. அடுத்த சரியான நிறுத்தம் 70 கிலோமீட்டர் தள்ளி, கிர்க்யுபாயர்க்லாஸ்டூர். அங்குள்ளவர்களே கிளாஸ்டூர் என்று சுருக்கிவிடுகிறார்கள். பெரியவர்களோடு போகிறவர்கள் விக்கிலேயே கழிவறைக்குப் போய்விட்டுக் கிளம்புங்கள். டேங்க் பாதியானதும் நிரப்புவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத பம்ப்களில் நாலு இலக்கப் பின் எண் உள்ள கார்டு வேண்டும். மற்றபடி ரொக்கக் குரோனா நோட்டை நான் கையால் தொடவே இல்லை. வாகன நிறுத்தக் கட்டணத்தைச் செயலியில் கட்டச் சொல்வார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துக்கொள்ளும். மறந்தால் வாடகை நிறுவனம் வழியாக அபராதத்தோடு வந்து சேரும். அன்றன்றைக்கே கட்டிவிடுங்கள்.

கிளாஸ்டூருக்கு முன்னும் பின்னும் சாலையின் இரண்டு பக்கமும் பச்சைப் பாசி படர்ந்த கல் மெத்தை போலப் போய்க்கொண்டே இருக்கும். 1783-இல் லாக்கி எரிமலை வெடிப்பு கக்கிய குழம்பு அது. எட்டு மாதம் ஓடியது. பின்னால் வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பேர் செத்துப்போனார்கள். பாசி மேல் கால் வைக்காதீர்கள், ஒரு காலடித் தடம் ஆறப் பல வருஷம் ஆகும்.

அதைத் தாண்டினால் ஸ்கெய்தாரார்சாந்தூர். கண்ணுக்கு எட்டிய வரை கறுப்பு மணலும் ஆற்றுக் கிளைகளும். ஒன்றாம் எண் சாலை முழு வட்டமானதே 1974-இல் இந்த மணல்வெளிக்குப் பாலம் போட்ட பிறகுதான். 1996-இல் வாட்னாயோக்குல் பனிப்பரப்புக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய வெள்ளம் பாலங்களை உடைத்துக்கொண்டு போனது. முறுகிய இரும்பு உத்திரங்களைச் சாலையோரம் நினைவாக வைத்திருக்கிறார்கள், நின்று பாருங்கள். 2009-இல் ஸ்கெய்தாரா ஆறே வேறு பக்கம் போய்விட்டது. நாங்கள் போனபோது பழைய நீளப் பாலம் தண்ணீர் இல்லாத மணலின் மேல் தனியாக நின்றது. அப்பா அதையும் நோட்டில் ஒரு கோடு போடப் பார்த்தார், நான் விடவில்லை.

இரண்டாவது ராத்திரியும் மூன்றாவதும் ஸ்காஃப்டாஃபெல் பக்கம். அறைகள் குறைவு, இங்கேதான் எல்லாரும் தவிக்கிறார்கள். முழுப் பயணத்திலும் இந்த இரண்டு இரவைத்தான் முதலில் பதிவு செய்ய வேண்டும், விமான டிக்கெட்டுக்கு அடுத்தபடியாக. கேம்பர்வேன் எடுத்தாலும் நினைத்த இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது, முகாம் மைதானத்துக்குள்தான். கறுப்புத் தூண்களுக்கு நடுவே விழும் ஸ்வார்டிஃபோஸ் அருவிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற வேண்டும். அப்பாவுக்கு அது வேண்டாம் என்று, ஸ்காஃப்டாஃபெல் பனியாற்றின் முனைக்குப் போகும் சமதளப் பாதையில் நடந்தோம். போகவர நாலு கிலோமீட்டருக்குள்தான். பனியாற்றின் மேல் ஏற வேண்டுமென்றால் வழிகாட்டியும் காலில் கட்டும் முள்பூட்டும் இல்லாமல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். மேலே புதுப்பனி மூடியிருக்கும், கீழே பிளவு எத்தனை ஆழம் என்று தெரியாது.

யோக்குல்சார்லோன் அங்கிருந்து 57 கிலோமீட்டர். பனியாறு பின்வாங்கிய இடத்தில் 1930-களில் தோன்றத் தொடங்கிய ஏரி. இன்று ஐஸ்லாந்தின் மிக ஆழமான ஏரி இதுதான். இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்காதீர்கள், அரை நாள் கொடுங்கள். படகு மே முதல் அக்டோபர் வரை போகும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். படகு இல்லாவிட்டாலும் கரையில் உட்கார்ந்தால் போதும். வீடு அளவு பனிக்கட்டி ஒன்று சத்தமில்லாமல் சாய்ந்து புரண்டது. அடிப்பக்கம் மேலே வந்தபோது மை ஊற்றியது போல் நீலம். பல நூறு வருஷம் அழுந்தியதில் உள்ளே காற்றுக்குமிழ் மிகக் குறைவு, சிவப்பு ஒளியை அது விழுங்கிவிடுகிறது, நீலம் மட்டும் வெளியே வருகிறது. அரை மணியில் வெயில் பட்டு மேல்பரப்பு வெளுத்துவிடும். அப்படிப் புரளும் கட்டி மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களும் உண்டு. என்ன சொல்ல.

பாலத்துக்கு மறுபக்கம், கடற்கரையில், அலை திருப்பித் தள்ளிய துண்டுகள் கறுப்பு மணலில் கிடக்கும். காற்றையும் ஓதத்தையும் பொறுத்தது. சில நாள் ஒன்றுமே இருக்காது. முதல் நாள் மாலை எங்களுக்கு நாலைந்து துண்டுதான். மறுநாள் காலை ஆறரைக்குப் போனால் கரை முழுக்க. அப்பா தேங்காய் அளவு ஒன்றை எடுத்துக் காதருகே வைத்தார். "வெடிக்குது பாரு" என்றார். உள்ளே அடைபட்ட காற்று சடசடவென்று வெளியேறுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

அன்று ராத்திரி வானம் மூடியிருந்ததால் துருவ ஒளி இல்லை. வெதூர் தளத்தின் மேக வரைபடத்தில் வெள்ளையாக இருக்கும் இடம்தான் திறந்த வானம், பச்சை மேகம். தலைகீழாகப் புரிந்துகொண்டு முந்தின நாள் நான் அப்பாவை ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வைத்தேன்.

திரும்பும்போது சோல்ஹெய்மாயோக்குல் நின்றோம். பனியாற்றின் முனை எவ்வளவு பின்வாங்குகிறது என்று ஹ்வோல்ஸ்வோல்லூர் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் ஒவ்வோர் ஆண்டும் வந்து அளக்கிறார்கள். அவர்கள் அளந்து எழுதிய எண்களை என் ஏழாம் வகுப்புக்குக் காட்ட வேண்டுமென்று படம் எடுத்துக்கொண்டேன். பிறகு மாலை ஆறு மணிக்கு செல்யலான்ட்ஸ்ஃபோஸ், நினைத்தபடி நேர் வெயில். அருவிக்குப் பின்னால் போகும் பாதை வழுக்கும், ஒரு பக்கம் ஏணிப்படி போலச் செங்குத்து. அப்பா பாதி வரை வந்து போதும் என்றார்.

காலி நாளைச் செலவழிக்க வேண்டியே வரவில்லை. ரெய்க்யவிக்கில் வெந்நீர்க் குளத்தில் கழித்தோம். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் மணலைப் பெருக்கி, நாலு பக்கமும் கதவு இடுக்கு உட்படப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது எடுத்த படத்தையும் அழித்துவிடாதீர்கள். நான் அதைச் செய்துகொண்டிருக்கும்போது அப்பா நோட்டைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது எண்ணியதைவிட வரும்போது இரண்டு பாலம் குறைந்தது. யோசித்துவிட்டு, "கிளாஸ்டூருக்கு அப்புறம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்போல" என்றார்.